ஆறு முயலும் ஒரு பாடும்

சடையன் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியவன் இல்லை. கோயில் வாசலில் கற்பூரத்துக்குக்கூடப் பேரம் பேசுவான். அறக்கட்டளைக்காரர்கள் வீட்டுக்கு ஐந்து முயல் இலவசம் என்று வந்து நின்றபோது, ஆறாவது முயலையும் ஒரு கம்பிக்கூண்டையும் சேர்த்துக் கேட்டான். உடனே சரி என்றார்கள். கேட்டதும் கொடுக்கிறவனிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது சந்தைக்குப் போகிற பிள்ளைக்கும் தெரியும். இலவசம் என்றால் கிழவனுக்கும் மறந்துவிடும்.

கோட்டைக்குப்பத்துக்குத் தெற்கே ஏரியோரம் இருக்கும் குருவித்திட்டில் நாற்பத்திரண்டு குடும்பம். ஏரியில் மீன் குறைந்துவிட்டது, மீனவருக்கு மாற்றுத் தொழில் வேண்டும் என்று எங்கேயோ குளிர்ந்த அறையில் முடிவாகி, முயல் புறப்பட்டு வந்திருந்தது. அறக்கட்டளையின் பெனிட்டா மேடம் ஒலிபெருக்கியில் முயல் ஆமைக் கதை சொன்னார். கூட்டத்தில் இருந்த தேவேந்திரன் வாயை மூடவில்லை.

"போன வருசம் வலையில ஆமை மாட்னா பத்திரமா எடுத்து வுடுங்கன்னு கிளாஸ் எடுத்தாங்க. இந்த வருசம் முயல். ரெண்டுக்கும் பந்தயம் வெச்சு நம்மள வேடிக்கை பாக்கச் சொல்வாங்களா இன்னா?"

சிரித்துவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். முயலுக்குப் புல் வேண்டும். அங்கே முளைப்பது வேலிக்காத்தானும் உப்பும். சடையன் மட்டும் நின்றான். காய்கறிக் கடையில் கழித்துப்போடும் கோஸ் இலைக்கு விலை கிடையாது என்று அவன் மனம் அதற்குள் கூட்டிக் கழித்துவிட்டது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். வெள்ளை முயலைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டான்.

அவன் மனைவி தேவி கூண்டைச் சுற்றி வந்து பார்த்தாள். "இத்த இன்னாய்யா பண்றது? துன்றதா, கும்புடறதா?"

"கம்முனு கெட. நிலாவுலயே ஒண்ணு குந்திகினு இருக்குது. நம்ம ஊட்ல ஆறு."

"நிலாவுல இருக்கறது புழுக்கை போட்டா நான் அள்றதில்லியே."

இரண்டு மாதம் தேவி அள்ளினாள். அதற்குப்பின் பாடு எடுக்கும் நாள் நெருங்கியது.

பாடு என்பது முறை. மழைக்காலம் முடிந்து ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கும்போது முகத்துவாரத்தில் இறால் ஓடும். அந்த ஓட்டத்தில் வலை கட்ட எல்லோருக்கும் இடம் போதாது. ஊரில் பேர் உள்ளவர்கள் சீட்டுக் குலுக்கி, ஒருவன் ஒருநாள் என்று மாறி மாறிக் கட்டுவார்கள். பட்டியலில் பேர் இருந்தால்தான் அவன் ஊரான். பேர் போனால் அவன் ஏரிக்கரையில் குடியிருக்கும் யாரோ.

அந்தப் பட்டியலில் போன வருடம் நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். தேவதாஸ் துறைமுகத்தில் காவல் வேலைக்குப் போனதும், வேறு தொழில் செய்கிறவனுக்குப் பாடு கிடையாது என்று எழுந்து நின்று சொன்னவன் சடையன்தான். ஊர்க் கட்டுப்பாடு அப்படித்தான் இருந்தது. ஒரு பேர் குறைந்தால் மீதிப்பேருக்கு முறை ஒருநாள் முன்னால் வரும் என்பதும் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கையை மட்டும் தூக்கினார்கள்.

இந்த வருடம் கோயில் முன்னால் கூடிய கூட்டத்தில் தேவேந்திரன் எழுந்தான். கையில் செய்தித்தாள் துண்டு. சடையன் முயலை அணைத்தபடி சிரிக்கும் போட்டோ. கீழே, 'வலையை விட்டார், முயலால் உயர்ந்தார்.'

"படிங்க நைனா," என்று அதைத் தலைவர் நீலமேகத்திடம் நீட்டினான். "வலைய வுட்டாராம். அவரே சொல்லிகிறாரு."

"நான் எங்கடா சொன்னேன்? அவனுங்க எழுதிகினாங்க!"

"கையெழுத்து யாரு போட்டது? தொழில் முயல் வளர்ப்புன்னு போட்டுகிதாமே."

"டேய், ஆறு முயலு ஒரு தொழிலாடா? தலைவரே, கோழி வளக்கறவன் எல்லாம் கோழிக்காரனா?"

தேவேந்திரன் சிரித்தான். "தான் புடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு சாதிப்பாங்க. நீ புடிக்கக்கூட இல்ல. கையெழுத்து போட்டு வாங்கின. உன் முயலுக்குக் காலு எத்தினின்னு அந்தக் காயிதம்தான் சொல்லணும்."

நீலமேகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாருக்கும் கெட்டவராகாமல் கெட்டது செய்வதில் அவருக்கு இருபது வருட அனுபவம். "சடையா, கட்டு உனக்குத் தெரியாததில்ல. வேற தொழில் இல்லேன்னு ஊருக்குக் காட்டு. வெள்ளிக்கெழம சீட்டு."

சடையன் வீட்டுக்கு வரும் வழியிலேயே தீர்வு கண்டுவிட்டான். முயல் இருந்தால்தானே தொழில்? மறுநாள் ஆறையும் அறுத்தான். கறிவேப்பிலையும் மிளகும் அள்ளிப்போட்டுத் தேவி குழம்பு வைத்தாள். வீட்டுக்கு ஒரு ஆள் என்று கூப்பிட்டுத் தென்னங்கீற்றுப் பந்தலில் உட்கார வைத்து, சடையன் தன் கையால் பரிமாறினான். தேவேந்திரன் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான். ரத்தம் தலைக்குத் தேய்த்தால் முடி வளரும் என்று ஒருத்தி கிண்ணத்தோடு வந்தாள். தோலையும் தலையையும் நாய்கள் இழுத்துப் போயின.

"பாத்துக்கங்க," என்றான் சடையன் காலிக் கூண்டைத் தட்டி. "தொழிலு உங்க வயித்துல."

நீலமேகம் எலும்பை இலையோரம் ஒதுக்கினார். "கறி பஞ்சாட்டம் இருந்துச்சுப்பா. குறையே இல்ல." கை கழுவி, துண்டில் துடைத்தபின் சொன்னார், "காயிதத்த மட்டும் ரத்து பண்ணி வாங்கியாந்துடு. நாளைக்கி ஒருத்தன் கேள்வி கேக்கக்கூடாது பாரு."

"இத்த சோறு போடறதுக்கு முன்ன சொல்லக்கூடாதா தலைவரே?"

"நீ கேக்கலியே."

வியாழக்கிழமை காலை பழவேற்காட்டில் அறக்கட்டளை அலுவலகம் திறக்கும்போது சடையன் வாசலில் நின்றான். பெனிட்டா மேடம் நல்ல மாதிரி. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், அவன் கையெழுத்துப் போட்ட ஃபைலையும் எடுத்தார்.

"விலகிக்கலாம் அண்ணா, பிரச்சினையே இல்ல. அதுக்கும் ஒரு ஃபாரம் இருக்கு. முயல்களைத் திருப்பிக் கொடுத்துட்டா உங்க பேரை எடுத்துடுவோம்."

சடையனின் கையிலிருந்த தேநீர் ஆறத் தொடங்கியது. "வேற முயல் வாங்கியாந்து குட்தா?"

"ஒவ்வொண்ணுக்கும் காதுல நம்பர் இருக்குமே அண்ணா. அதே முயலா, உயிரோட இருக்கணும். செத்திருந்தா டாக்டர் சர்ட்டிபிகேட்."

"எல்லாம் செத்துப்போச்சும்மா."

"அய்யோ! ஆறுமா? என்ன நோய்?"

சடையன் ஆறிய தேநீரைக் குடித்து முடித்தான். மேடம் உண்மையிலேயே கலங்கினார். மேசையைச் சுற்றி வந்து அவன் தோளில் கை வைத்தார். "கவலைப்படாதீங்க. உங்களை விட்டுட மாட்டோம். அடுத்த மாசம் புதுசா ஆறு தர்றேன். எங்களுக்கு இந்த ஏரிப்பக்கம் நீங்க ஒருத்தர்தான் அண்ணா."

வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் பித்தளைச் செம்பில் சீட்டு விழுந்தது. நாற்பது சீட்டு. சடையன் கூட்டத்தின் பின்னால், பெண்கள் நிற்கும் பக்கம் நின்றான். பூசாரி ஒவ்வொரு பேராக எடுத்து வாசிக்க வாசிக்க, கேட்டுக்கொண்டிருந்த முகங்களை அவன் பார்த்தான். ஒன்றிலும் பகை இல்லை. போன வருடம் தேவதாஸின் பேர் போனபோது தன் முகமும் இப்படித்தான் சாந்தமாக இருந்திருக்கும் என்று நினைத்தான். அந்த நினைப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. தரையைப் பார்த்தான்.

முதல் சீட்டு தேவேந்திரனுக்கு. அமாவாசை நீரோட்டம், வருடத்தின் நல்ல நாள். கூட்டம் கலைந்தபின் அவன் நேராகச் சடையனிடம் வந்தான். முகத்தில் கேலி இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"மாமா, வலை கட்ட எனக்கு ஆளு பத்தல. அந்த எடத்துல தண்ணி எங்க இழுக்கும்னு உனக்குத் தெரியற மாதிரி வேற எவனுக்கும் தெரியாது. கூலிக்கு வர்றியா? கூலிக்கு வர்றதுக்குப் பேரு எல்லாம் தேவையில்ல."

பக்கத்தில் நின்ற தேவி, புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. "அவரு வருவாருப்பா," என்றாள். "போய் வலையப் பாரு."

தேவேந்திரன் நாலு அடி நடந்தபின் சடையன் கூப்பிட்டான்.

"எத்தினி மணிக்கு?"

"நாலுக்கு. பேஜாரு பண்ணாம கரீக்டா வந்துடு மாமா. லேட்டானா வேற ஆளு வெச்சுக்குவேன்."