கிளிப்பச்சைச் சட்டை

இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது! வார்டுத் தேர்தலில் ஒரு குடியிருப்பின் தையல்காரியை எதிர்த்து நின்றவர் ஒரு கான்ட்ராக்டர். மனுஷன் பணத்தைத் தண்ணீராய் இறைத்தார். வீடு வீடாகப் போய் ஆளுக்கொரு சட்டைத் துணி கொடுத்தார், எல்லாம் ஒரே கிளிப்பச்சை. அதைத் தைத்துக் கொடுக்க அந்தக் குடியிருப்பில் இருந்ததோ ஒரே ஒரு தையல்காரி!

அவள் தேர்தலில் நின்றதே குழாய்த் தண்ணீருக்காக. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடி ஓடியே அவள் மகள் பாதி நாள் பள்ளிக்கூடம் போவதில்லை. தோற்றால் பிள்ளையின் படிப்பு அம்போதான்.

ஆனால் ஓட்டுக் கேட்கப் போக நேரம் எங்கே? வாசலில் பச்சைத் துணி மலையாய்க் குவிந்துவிட்டது.

“உனக்கென்ன கிறுக்கா? எதிராளி துணியை நீயே தைச்சு மாட்டி விடுறியே!” என்று தலையில் அடித்துக்கொண்டான் கணவன்.

“என்னங்க பண்றது? இவங்க புதுத்துணி போட்டு எத்தனை வருஷமாச்சு. தேர்தல் முடிஞ்சு வாங்கன்னா மூஞ்சி வாடிப் போயிடும்” என்றாள். தையல் மெஷின் நிற்கவில்லை.

வாக்குப்பதிவு நாளில் வரிசை முழுக்கப் பச்சை. ஒவ்வொரு சட்டையும் அவள் கையால் தைத்தது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் எண்ணினார்கள். பதினான்கு ஓட்டு வித்தியாசத்தில் அவள் ஜெயித்திருந்தாள்! கான்ட்ராக்டர் பேயறைந்தவர்போல் நின்றார். அவளும்தான்.

வெளியே மீன்காரக்கா அதே பச்சைச் சட்டையில் காத்திருந்தாள்.

“அக்கா, அவர் சட்டையைப் போட்டுக்கிட்டு எனக்கா ஓட்டுப் போட்டீங்க?”

“பின்னே? இதைப் போட்டுட்டுப் போனாத்தானே அவர் ஆளுங்க சும்மா விடுவாங்க!” மீன்காரக்கா சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. “துணி கொடுக்கும்போதே அவர் என்கிட்ட சத்தியம் வாங்கினாரும்மா. நீயும் ‘எனக்குப் போடுவீங்களா’ன்னு கேட்டிருந்தா, பயத்துல ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். நீ கேக்கவே இல்ல. ‘கையைத் தூக்குங்கக்கா, இறுக்குதா?’ன்னுதான் கேட்ட.”

தையல்காரி மீன் வாடை வீசிய அந்தக் கைகளைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். “நன்றிக்கா” என்றாள். அது போதாதென்று தோன்றியது. வரிசையில் நின்ற ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொல்ல வேண்டும் என்று அங்கிருந்தே நடக்க ஆரம்பித்தாள்.