ஒரு மறுப்புக்குப் பத்தடி

அந்த மருத்துவமனையின் மூன்றாம் மாடி நடைகூடம், இறந்தவரின் வீட்டார் உறுப்பு தர மறுக்கும்போதெல்லாம் பத்தடி நீண்டது. கட்டடம் வெளியே இம்மியும் நீளவில்லை, உள்ளேதான் நீளம். பராமரிப்புப் பிரிவினர் மாதாமாதம் அளந்து, கூடுதல் குழல்விளக்குகளுக்கு விண்ணப்பம் எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ஆறாம் வருடம் துப்புரவு அம்மா ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டார்.

வீட்டாரிடம் உறுப்பு கேட்பது ஒருத்தியின் உத்தியோகம். எல்லோருக்கும் அவள் 'கேட்கிற அக்கா'. கல்லீரல் கெட்டுப்போன அவள் தம்பி கடைசி அறையில் மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருந்தான். லிஃப்டிலிருந்து அங்கே போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆனது. கொண்டுபோகும் பால் ஆறி ஆடை கட்டிவிடும். இறந்தவரின் வீட்டாரோ, பெரியப்பாவைக் கேட்க வேண்டும் என்பார்கள். பெரியப்பா வந்து மாப்பிள்ளையைக் கேட்கச் சொல்வார். மண்ணுக்குக் கொடுக்க வருகிற மனசு மனுஷனுக்குக் கொடுக்க வரவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரித்த முகமாக அடுத்த வீட்டாரிடம் போவாள்.

கம்பத்திலிருந்து விழுந்து மூளைச்சாவு அடைந்த எலக்ட்ரீஷியனின் கல்லீரல் தம்பிக்குப் பொருந்தியது. "அவரு எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லீங்களே" என்று மனைவி மறுத்துவிட்டாள். பன்னிரண்டாம் நாள் அவளே மூச்சிரைக்க நடைகூடத்தில் ஓடிவந்தாள். கையில் உறுப்பு தான அட்டை.

"பீரோவுல வீட்டுப் பத்திரத்தோட வச்சிருந்தாருங்க. அவரு கையெழுத்துதான். இப்ப எடுத்துக்க முடியாதுங்களா?"

"பூட்டி வைக்கவா அட்டை குடுத்தாங்க?" என்று அக்கா கத்திவிட்டாள். "உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பாரு?" பிறகு வெட்கப்பட்டு, அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். இருவரும் அழுதார்கள்.

அந்த வாரமே தம்பி, "என் கண்ணையாவது குடுத்துடுக்கா" என்றான். அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவள் தினமும் நினைத்தாள். சொன்னால் அவன் பிழைக்கமாட்டான் என்று ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடுமே. நானூற்று இருபது குடும்பங்களில் திறந்த வாய் சொந்த வீட்டில் திறக்கவில்லை.

தம்பி ஒரு மத்தியானம் போய்விட்டான். படிவத்தோடு அம்மா முன்னால் போய் நிற்க அவளைத் தவிர வேறு ஆள் இல்லை.

"எங்கிட்ட அவன் சொல்லலையேடி. நீயும் சொல்லலை. இப்ப காகிதத்தோட வந்து நிக்கிற." அம்மா மகனின் இமைகளைக் கையால் பொத்திக்கொண்டாள். "வேண்டாம்."

காலடியில் தரை மெல்ல நகர்ந்தது. எத்தனையோ பேரிடம் பேசிப் பேசி மசியவைத்த அவள் படிவத்தை மடித்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சர் வந்தது. அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே லிஃப்ட் வரை, கூடின பத்தடியையும் சேர்த்து, நடந்தாள்.