மருதாத்தாளின் வலது தோள்

மீனாட்சிபுரத்தில் மருதாத்தாளை அவளுடைய சினைமாடே சுவரோடு சேர்த்து நெரித்துவிட்டது. அது 1978. வலது தோளின் பந்துக்கிண்ண மூட்டில் எலும்பு நொறுங்கிப்போயிற்று. கோயம்புத்தூரில் டாக்டர் அமிர்தநாதன் நொறுங்கியதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தில் செய்த மூட்டு ஒன்றைப் பொருத்தினார்.

அவள் புருஷன் காளிச்சாமிக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. பால் சொசைட்டியில் நிற்பவர்களிடமெல்லாம், "என்ற சம்சாரத்துக்குத் தோள்ல இரும்புங்க" என்பான்.

ஆறேழு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு தழும்பின் ஓரத்தில் சின்னக் கொப்புளம் ஒன்று வந்து உடைந்தது. மருதாத்தாள் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, முந்தானையால் மூடிக்கொண்டாள். காளிச்சாமிக்குக்கூடச் சொல்லவில்லை. கசிவு நிற்கவில்லை. ஒரு காலையில் கறந்துகொண்டிருந்தபோதே குளிர்சுரம் தூக்கிப்போட, பால் செம்பு கவிழ்ந்தது.

காளிச்சாமி ஓடிவந்து முந்தானையை விலக்கினான். நாற்றம் அடித்தது.

"ஏம்புள்ள, இத்தன நாளா சொல்லாம இருந்த?"

"கையை வெட்டிப்போடுவாங்கன்னு பயந்துட்டனுங்க."

மாடுகளைப் பக்கத்து வீட்டுக் கமலாத்தாளிடம் விட்டுவிட்டு, அன்றே பொள்ளாச்சி வழியாகக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினார்கள்.

அமிர்தநாதன் தழும்பை மெல்ல அழுத்தினார். சீழ் வந்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"கையை எடுக்க மாட்டேம்மா. உள்ள வெச்ச இரும்பைத்தான் எடுக்கணும். அதுமேல கிருமி படிஞ்சிருக்கு. அது உள்ள இருக்கிறவரைக்கும் மருந்து மட்டும் போட்டுக் கிருமியைப் போக்க முடியாது."

"அத்தன பாடுபட்டு வெச்சதைப் புடுங்கறதுங்களா?" என்றான் காளிச்சாமி.

"உங்களுக்கு அது பெருமைங்க. எனக்கு அது சீழு" என்றாள் மருதாத்தாள். பிறகு டாக்டரிடம் திரும்பினாள். "எடுத்துட்டா கை எப்படிங்க இருக்கும்?"

"வலி போயிடும். முழங்கையும் விரலும் நல்லா வேலை செய்யும். ஆனா தோளுக்கு மேல தூக்க வராது."

அவள் வலது கையை மடியில் வைத்து, விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள்.

"மாட்டு மடி தோளுக்குக் கீழதானுங்க இருக்குது. எடுத்துருங்க."

அமிர்தநாதன் சிரித்துவிட்டார்.

இரும்பை எடுத்து, குழியை நன்றாகக் கழுவி, சீழ் வடிய ரப்பர் குழாய் வைத்தார்கள். அப்புறம் வாரக்கணக்கில் ஊசி. குத்த இடமில்லாமல் இடுப்பெல்லாம் கல்லாகிவிட்டது என்று மருதாத்தாள் நர்சிடம் சண்டை பிடித்தாள். சண்டை பிடிக்கிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது என்று காளிச்சாமிக்கு ஆறுதல். சுரம் இறங்கியது. குழாயை எடுத்த இடமும் மூடியது. வெகுநாளைக்குப் பிறகு ஒரு மத்தியானம் அவள் வார்டு சத்தத்தையெல்லாம் மீறி அசந்து தூங்கினாள்.

ஊருக்கு வந்தும் டாக்டர் சொன்ன பயிற்சிகளை விடாமல் செய்தாள். தை பிறந்ததும் மணையைப் போட்டுக் கறக்க உட்கார்ந்தாள். முதலில் இடக்கைதான் வேலை செய்தது. வலது விரல்கள் மெல்ல மெல்லப் பழகின. செம்பில் நுரை ஏறியதைப் பார்த்துக் கமலாத்தாள், "எனக்கு விடுதலைடி சாமி" என்றாள்.

மாசியில் பக்கத்துச் சித்தூரில் ஒரு கல்யாணம். மருதாத்தாள் பட்டுச்சேலையைத் தானே கட்டிக்கொண்டாள். கொண்டை போடத்தான் கை மேலே போகவில்லை. சீப்பைக் காளிச்சாமியிடம் நீட்டினாள்.

"எனக்கென்ன புள்ள தெரியும்?"

"கவுறு திரிக்கத் தெரியுமல்லங்க? அதாட்டந்தான்."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு வாரினான், சுற்றினான், ஊசிகளைச் செருகினான். கொண்டை இடது காதுப் பக்கம் சாய்ந்து நின்றது. கல்யாண வீட்டில் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி அவிழ்த்துக் கட்டிவிட வந்தாள்.

"உடு, நல்லாத்தான் இருக்குது" என்று மருதாத்தாள் தலையை நகர்த்திக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்தாள்.