வெறுங்காது

தாளில் இரண்டு கோடுகள் இருந்தன. சிவப்பு வலது காது. நீலம் இடது காது. சிவப்புக் கோடு ஓரளவு நேராகப் போனது. நீலக் கோடு பாதித் தூரம் அதோடு கூட வந்து, பிறகு கீழே விழுந்தது.

ஜெராட் தாளை ஸ்டியரிங்கின் மேல் விரித்துப் பார்த்தார். பக்கத்து இருக்கையில் மகள் தக்ஷினி இருந்தாள். இருபத்தொரு வயது. கிளினிக்கின் வாசலில் இருந்து இன்னும் காரை எடுக்கவில்லை.

"டொக்டர் என்ன சொன்னவ?"

"டிரம் அடிக்கக் கூடாதாம். காதுக்குப் பிளக் போட்டுக்கொண்டும் கூடாதாம். இப்ப நிப்பாட்டினா மிச்சம் இருக்குமாம்."

"எப்ப இருந்து இப்பிடி?"

"மார்ச்சில ஒருநாள் ஃபோனை இந்தக் காதில வச்சன். சரியாக் கேக்கல்ல. ஃபோன் பழுதெண்டு நினைச்சன்." அவள் சிரித்தாள். "புது ஃபோன் கேட்டு அம்மாவோட சண்டையும் பிடிச்சன்."

அவர் சிரிக்கவில்லை.

"ஒருத்தருக்கும் சொல்லாதீங்க அப்பா. அம்மாவுக்கும். இன்னும் எட்டுக் கிழமைதானே. ஓகஸ்டில ஃபைனல் முடிஞ்சா எனக்கு வயசும் முடியுது. பேந்து நானே விடுறன்."

"எட்டுக் கிழமையில மிச்சமும் போனா?"

"போகட்டும்" என்றாள். தாளை அவர் கையில் இருந்து எடுத்து நான்காக மடித்தாள்.

அவர்களுடைய டிரம் கோர் அணியில் நூற்றிருபது பேர். பித்தளைக் குழல் ஊதுகிறவர்கள், கொடி பிடிக்கிறவர்கள், டிரம் அடிக்கிறவர்கள். கோடை முழுவதும் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், மைதானங்களில் அணிவகுத்து, மற்ற அணிகளோடு போட்டியிடுவார்கள். இருபத்திரண்டு வயதானால் வெளியே. எட்டு ஸ்னேர் டிரம்கள் நிற்கும் வரிசையை ஜெராட் பதினெட்டு வருடங்களாகப் பழக்கி வந்தார். அதற்கு முன் அதே வரிசையில் நின்று அடித்தவர். மட்டக்களப்பில் இருந்து கெபெக்குக்கு வந்த ஆண்டிலேயே சேர்ந்திருந்தார். அந்த அணியில் அவர்தான் முதல் தமிழர்.

எட்டு டிரமும் ஒரே டிரமாகக் கேட்க வேண்டும். ஒரு குச்சி மயிரிழை பிந்தினாலும் நடுவர் புள்ளி வெட்டுவார். அதற்காக வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. பயிற்சியின் கடைசிச் சுற்றில் எல்லோரும் காதடைப்பான்களைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு அடிப்பார்கள். அடைத்த காதுக்குத் தன் டிரம் மட்டும்தான் கேட்கும், பக்கத்தில் நிற்பவனுடைய குச்சி வெறுங்காதுக்கே கேட்கும் என்பது நம்பிக்கை. முன்பெல்லாம் அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் இருந்தது. பதினெட்டு வயதில் ஜெராட் ஒருநாள் பகிடிக்கு "வெறுங்காது!" என்று கத்தினார். மற்ற ஏழு பேரும் திருப்பிக் கத்தினார்கள். அந்தச் சொல் நிலைத்துவிட்டது. இப்போது ஹெய்ட்டிப் பிள்ளைகளும் கெபெக் பிள்ளைகளும் அதைக் கத்தினார்கள். வரிசையின் டீ-ஷேர்ட்டில் முதுகுப்பக்கம் அதை அச்சடித்திருந்தார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் வித்தியா டிரம் பகுதிக்குப் பொறுப்பாக வந்தாள். அவளும் ஜெராட்டிடம் அடித்தவள்தான். வந்ததும் ஒரு விதி போட்டாள். காதடைப்பான் இல்லாமல் ஒரு நிமிடமும் அடிக்கக் கூடாது. ஒவ்வொரு சனியும் அதற்கு ஒரு படிவம். ஜெராட் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தார். ஐந்து மணிக்கு வித்தியா குழல்காரர்களிடம் போவாள். அவள் தலை மறைந்ததும் வரிசை கத்தும். அடைப்பான்கள் பைக்குள் போகும்.

அவருடைய காதுக்குள்ளும் ஒரு விசில் இருந்தது. பல வருடங்களாக இருந்தது. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. அங்கே காதுமூடி போடாமல் வெளியே கால் வைத்தால் மேற்பார்வையாளர் கத்துவார், அதனால் ஒழுங்காகப் போடுவார். விசில் வயதால் வந்தது என்று நினைத்திருந்தார். ஐம்பது வயதில் எல்லோருக்கும் இருக்கும் என்று நினைத்திருந்தார்.

சனிக்கிழமை. புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தின் பின்பக்கக் கார் தரிப்பிடம். வித்தியா பக்கத்து மைதானத்தில் நின்ற குழல்காரர்களிடம் போய்விட்டாள்.

"இண்டைக்கு வெறுங்காது இல்ல" என்றார் ஜெராட்.

வரிசை அவரைப் பார்த்தது.

"ஏன் அங்கிள்?" என்றான் அன்டன். நடுவில் நிற்கிறவன்.

"காதுக்குக் கூடாது."

சிரித்தார்கள். தமிழ் விளங்காதவர்களுக்கு, தக்ஷினிக்குப் பக்கத்தில் நிற்கிற றொஷினி பிரெஞ்சில் சொன்னாள். அவர்களும் சிரித்தார்கள்.

"அங்கிள், பிளக் போட்டு அடிக்கிறவன் டிரம் அடிக்கல்ல, நித்திரை கொள்றான் எண்டு சொன்னது ஆரு?"

"நான்தான். பிழையாச் சொல்லிப்போட்டன்."

"பதினெட்டு வருசமா?" என்றாள் றொஷினி.

"அங்கிளுக்கு வயசு போட்டுது" என்றான் அன்டன். "தைலம் பூசிக்கொண்டு படுக்கப் போறார்."

தக்ஷினி வரிசையின் வலது ஓரத்தில் நின்றாள். மற்ற ஏழு டிரம்களும் அவளுடைய இடது பக்கம். நான்கு வருடங்களாக அதே இடம். அந்த இடத்தில் அவளை நிறுத்தியவர் அவர்.

அவள்தான் முதலில் கழற்றினாள். அப்பாவைப் பார்த்துக்கொண்டே கழற்றினாள். மற்றவர்களும் கழற்றினார்கள். அன்டன் குச்சியால் நான்கு தட்டுத் தட்டினான். தொடங்கினார்கள்.

அவருக்கு அது சுத்தமாகக் கேட்டது. எட்டும் ஒன்றாகக் கேட்டன. தன் காதை நம்பலாமா என்று தெரியவில்லை. தக்ஷினியைப் பார்த்தார். அவள் கண்ணை ஓரமாகத் திருப்பி றொஷினியின் குச்சியைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டு அடிக்கவில்லை.

அவர் மைதானத்தைக் கடந்து வித்தியாவிடம் போனார்.

"மூண்டு வருசமாக் கழட்டித்தான் அடிக்கிறாங்க" என்றார். "நான்தான் விட்டன். படிவத்தில நான் வச்ச கையெழுத்தெல்லாம் பொய்."

வித்தியா தோள்பையைக் கீழே வைத்தாள்.

"ஏன் அண்ணை இப்ப சொல்லுறியள்? வெள்ளிக்கிழமை பஸ் வெளிக்கிடுது."

"ஒரு பிள்ளைக்குக் காது போட்டுது."

"ஆருக்கு?"

அவர் வரிசையின் பக்கம் பார்த்தார். வித்தியா வரிசையிடம் நடந்தாள். அவர்கள் அவளைத் தூரத்திலேயே கண்டுவிட்டார்கள். அவள் வந்து சேர்ந்தபோது எட்டுப் பேரின் காதுகளிலும் அடைப்பான் இருந்தது.

"வெளியில எடுங்கோ. கேள்வி கேக்கப் போறன்." எடுத்தார்கள். "இதுகளைக் கழட்டிப்போட்டு அடிக்கிறனீங்களோ?"

இடது பக்கம் இருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். இல்லை. இல்லை. நோ. இல்லை அக்கா. கடைசியாகத் தக்ஷினியின் இடது தோளுக்குப் பின்னால் நின்று, தணிந்த குரலில் கேட்டாள்.

தக்ஷினி அசையவில்லை.

றொஷினி முழங்காலை நகர்த்தித் தன் டிரம்மின் விளிம்பால் தக்ஷினியின் டிரம்மை மெதுவாக இடித்தாள். ஜெராட் அதைப் பார்த்தார்.

"இல்லை அக்கா" என்றாள் தக்ஷினி.

"அப்ப அப்பா ஏன் அப்பிடிச் சொல்லுறார்?"

இம்முறை வித்தியா முன்னால் வந்து நின்று கேட்டாள். தக்ஷினி அவளுடைய வாயைப் பார்த்தாள்.

"அப்பாக்குக் காதிரைச்சல். நித்திரை இல்ல. சிலநேரம் நடக்காததையும் நடந்த மாதிரிச் சொல்லுவார்."

அன்டன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

"தக்ஷினிக்குத்தான் காது போனது" என்றார் ஜெராட். "செவ்வாய்க்கிழமை டெஸ்ட் எடுத்தது. தாள் அவளிட்ட இருக்கு."

"என்னட்ட ஒரு தாளும் இல்ல."

வித்தியா வரிசையைப் பார்த்தாள். பிறகு மைதானத்தில் காத்து நின்ற குழல்காரர்களைப் பார்த்தாள். இந்த வருடம் டிரம் பகுதிக்கு முதல் மூன்றுக்குள் இடம் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளும் சொல்லியிருந்தாள்.

அவரை ஒருபக்கமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"திரும்பி வந்த பிறகு எல்லாரையும் டெஸ்டுக்கு அனுப்புறன்."

"பேந்து அனுப்பி என்ன செய்ய?"

"எட்டுப் பேரும் இல்லையெண்டினம். நீங்கள் ஒராள் ஓம் எண்டுறியள். கையெழுத்தும் உங்கட." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணை, நானும் அந்த வரிசையில நிண்டனான். நானும் கழட்டித்தான் அடிச்சனான். எனக்கு என்ன நடந்தது?"

"உனக்கு நடக்கல்ல."

"நீங்கள் இந்த முறை வரவேண்டாம். அன்டன் பாத்துக்கொள்ளுவான்."

அவர் காருக்குள் போய் இருந்தார். சனிக்கிழமையில் அவர்கள் வீடு இருந்த இல்-பிசார் தீவுக்குப் பஸ் இல்லாதது போலத்தான். மகளை விட்டுவிட்டுப் போக முடியாது. ஒரு மணிநேரம் டிரம் கேட்டது. கண்ணாடிகளை மேலே ஏற்றிவிட்டார். அப்போதும் கேட்டது.

தக்ஷினி வந்து டிரம் பையைப் பின்னால் போட்டாள். முன்னால் ஏறிப் பட்டியை மாட்டினாள். கார் வெளியே வந்து வீதியில் சேர்ந்தது. இரண்டு சந்தி தாண்டியது.

"மகள்" என்றார். "உன்னை அந்த ஓரத்தில விட்டவன் நான்தான். உன்ர கோபம் சரி."

அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்கவில்லையா, கேட்டும் பேசாமல் இருக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த நாட்டில் ஸ்டியரிங் இடது பக்கம்; அவர் இருந்தது அவளுடைய இடது பக்கம். காரில் ஏறும் நாட்களில் எல்லாம் அதே பக்கம்தான் இருந்திருக்கிறார். மார்ச்சில் இருந்து என்னென்ன சொன்னோம் என்று நினைத்துப் பார்த்தார்.

திரும்பவும் சொன்னார். உரக்கச் சொன்னார்.

"கத்தாதீங்க" என்றாள். "கேக்குது."

"நான் என்ன சொன்னன்?"

அவள் திரும்பி அவருடைய வாயைப் பார்த்தாள். கார் தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறியது. அவள் தன் பக்கத்துக் கண்ணாடி வழியே தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினாள்.