பலாத்தோப்பில் ஒரு சுற்று

பூவிழி தன் வெள்ளைக் காரைப் பலாத்தோப்புக்குள் கொண்டுவந்து, வரிசையாக நின்ற பழைய வண்டிகளுக்கு நடுவே இருந்த குறுகலான இடத்தில் பின்பக்கமாகவே செலுத்தி, திருப்பித் திருப்பிப் பார்க்காமல் ஒரே போக்கில் நிறுத்தினாள். பக்கத்தில் நின்ற பழைய கான்டெசா காருக்கும் அவள் கதவுக்கும் நடுவில் ஓர் ஆள் தாராளமாக நடக்கலாம். தன் கான்டெசாவுக்கு என்ன ஆகுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற பார்த்திபன் மகிழ்ச்சியில் கைதட்டினான். இன்னும் சிலரும் தட்டினார்கள். கதவு திறந்து முதலில் இரண்டு ஊன்றுகோல்கள் வெளியே வந்தபோது கைத்தட்டல் நின்றுபோனது.

இது அவள் எதிர்பார்த்ததுதான். கூட்டத்துக்கு நேரில் வருவது இதுதான் முதல்முறை. வண்டிப் பிரியர்களின் வாட்ஸாப் குழுவில் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மழைக்காலத்தில் மலைச்சாலையில் எந்த டயர் வழுக்கும், எந்த இடத்தில் மண் சரியும் என்றெல்லாம் எழுதுவாள். மூடுபனிக்குள் நிற்கும் காரைப் படம் எடுத்துப் போடுவாள். ஆலங்காயத்தில் புளியும் சாமையும் மொத்தமாக வாங்கி விற்கிறவள் என்று எல்லோருக்கும் தெரியும். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த போலியோவில் இரண்டு கால்களும் செயலிழந்துபோனதைச் சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் வரவில்லை. யாரும் கேட்கவுமில்லை. மலைக் கிராமங்களில் அறுவடை முடிந்த வீடு வீடாகப் போய்ச் சரக்கு பார்ப்பது அவள் தொழில். பேருந்தை நம்பியிருந்தபோது வாரத்தில் ஓர் ஊர் போவாள். கார் வந்தபிறகு மலை முழுக்க அவளுடையதானது. இன்றைக்கும் பின்சீட்டில் சாமை மூட்டைகள் கிடந்தன.

புதூர்நாட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோப்பில் வருடத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். அவரவர் வண்டியைப் பற்றி அவரவர் பேசவேண்டும், கேட்கிறவர்கள் கேட்கலாம், பிறகு சாப்பாடு. வேறு சட்டதிட்டம் கிடையாது. வாணியம்பாடிக்காரனான பார்த்திபன் தன் கான்டெசாவின் மூக்கைத் தடவிக்கொண்டே நீளமாகப் பேசினான். அதன் ஒரு கைப்பிடிக்காக அவன் எங்கெங்கோ அலைந்த கதை உண்மையிலேயே நன்றாக இருந்தது. அடுத்து மணிவேல் வந்தான். பக்கத்து மலையூர்க்காரன். பச்சை நிறப் பழைய ஜீப். அதன் பானெட்டில் பலாமரத்தின் இலைகள் ஒவ்வொன்றாகத் தெரியும் அளவுக்குத் துடைத்து வைத்திருந்தான்.

"இது எங்கப்பா வண்டிங்க. மலைக்கு ரோடே சரியா இல்லாத காலத்துல இதுலதான் ஆளுங்கள ஏத்திக்கினு கீழ போவாரு. சூப்பரா ஓட்டுவாரு. மழையில பாலத்து மேல தண்ணி போய்க்கினு இருந்தாகூட எறங்கிப் பாத்துட்டு, அமைதியா கொண்டாந்து சேத்துடுவாரு. அவ்ளோ பொறுமைசாலி அவரு."

கேட்டுக்கொண்டிருந்த பூவிழிக்கு, அந்த அப்பா இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகியிருக்கும் என்று தோன்றியது. மணிவேல் கையை நீட்டி, "தோ, அவருதான்" என்றதும் திடுக்கிட்டாள். பலாமரத்தின் அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வேட்டி வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாக மடிந்து கிடந்தது. எல்லோரும் அவரைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். அவரும் கும்பிட்டார். பிறகு எல்லோரும் ஜீப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். "பாலத்துல இல்ல, அது ஓடையில" என்று அவர் சொன்னது மகனின் காதில் விழவில்லை. அவர் பெயர் சின்னக்குழந்தை என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். சர்க்கரைப் புண்ணில் கால் போனதாம்.

பூவிழியின் முறை வந்தது. பார்த்திபன் முந்திக்கொண்டு, இவரைப் போன்றவர்கள் நம் எல்லோருக்கும் ஓர் எடுத்துக்காட்டு என்று தொடங்கினான். நல்ல மனதோடுதான் சொன்னான். அவள் சிரித்துக்கொண்டே குறுக்கிட்டாள்.

"பார்த்திபண்ணா, உங்க கான்டெசாவப் பத்தி நீங்க பேசுனீங்க. உங்க காலப் பத்தி யாராச்சும் பேசுனாங்களா? வண்டியக் கேளுங்க, சொல்றேன்."

சிரிப்பு எழுந்தது. பார்த்திபனும் வெட்கத்தோடு சிரித்தான். அதன்பிறகு அவள் கதவைத் திறந்து வைத்துக் காட்டினாள். கியர் தானாக மாறும் வண்டி. ஸ்டீயரிங்குக்குக் கீழே இடது கைக்கு ஓர் இரும்புப் பிடி. முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வேகம். தள்ளியபடி நிறுத்திவைக்க ஒரு கொக்கி. வலது கைக்கு ஸ்டீயரிங்கின் மேல் ஓர் உருண்டைக் குமிழ். ஓசூரில் ஒரு பட்டறையில் செய்து மாட்டியது. சந்தன நிறத்தில் சீட் உறை அவளே தேர்ந்தெடுத்தது, அது சாமைத் தூசியில் நிறம் மாறிப்போனதற்கு அவளே பொறுப்பு. ஆட்கள் குனிந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், சாப்பாட்டு வாசனை வந்ததும் கலைந்தார்கள்.

சின்னக்குழந்தை மட்டும் ஒற்றைக் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து கதவருகே நின்றார்.

"தள்ளுறதுக்கு எவ்ளோ அழுத்தம் குடுக்கணும்மா?"

"ஜாஸ்தி வேணாங்கய்யா. கதவ சாத்துற மாதிரி."

"எறக்கத்துல?"

"எறக்கத்துல புடிச்சிப் புடிச்சி வுடணும். காலுல பண்றதேதான்."

அவர் தலையாட்டினார். அவருடைய இடது கை வெறும் காற்றில் மெல்ல முன்னால் போய்த் திரும்பி வந்தது. மறுபடியும் போனது. அவருக்கே தெரியாமல் அது நடந்துகொண்டிருப்பதைப் பூவிழி பார்த்தாள். இந்தக் காரை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. தம்பி கேட்டபோதுகூட மறுத்ததில், அவன் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இது அடிபட்டு நின்றால் அறுவடைக் காலம் முழுக்க அவள் வீட்டில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதெல்லாம் நினைவில் இருக்கும்போதே வாய் கேட்டுவிட்டது.

"ஓட்டிப் பாக்கறீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் மணிவேல் கையில் சாப்பாட்டுத் தட்டோடு ஓடிவந்தான். "வேணாங்க மேடம். தயவுசெஞ்சு ஆசை காட்டாதீங்க." அவளைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போக நினைத்து, அவள் ஊன்றுகோல்களைப் பார்த்து, அங்கேயே நின்று குரலைத் தாழ்த்தினான். "காலு எடுத்தப்புறம், யாருக்கும் தெரியாம ஒத்தக் காலாலயே ஜீப்ப எடுத்துட்டாரு. எம்பொண்ணு உள்ள இருந்துது. பள்ளத்துல எறக்கிட்டாரு. கொழந்தைக்கு ஒண்ணும் ஆவல. ஆனா ஆயிருந்தா? அன்னையில இருந்து சாவி எங்கிட்டதான் கீது. எங்கம்மா இவரத் தனியாவே வுடறதில்ல."

சின்னக்குழந்தைக்கு எல்லாம் கேட்டது. அவர் மறுக்கவில்லை. "அது என் தப்புதாம்மா. இவன் சொல்றது நெசம்" என்று காரின் கூரையில் கைவைத்து நின்றார்.

மகன்மேல் பூவிழிக்குக் கோபம் வரவில்லை. அவளுடைய அம்மாவும் இப்படித்தான், கார் வாங்கப்போகிறேன் என்றதும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். பயம் அன்பின் உடையைப் போட்டுக்கொண்டு வரும்போது எதிர்த்துப் பேசுவது கஷ்டம்.

"மணிவேலண்ணா, அது காலுக்குச் செஞ்ச வண்டி. இது அப்டி இல்ல. நான் பக்கத்துல ஒக்காந்துக்கறேன், ஹேண்ட் பிரேக் என் கைக்கு எட்டும். தோப்பத் தாண்டி ரோட்டுக்குப் போவக் கூடாது. இதுக்குத் தனியா லைசென்ஸ் வேணும். சம்மதமா?"

அவன் சம்மதிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காரின் கூடவே நடப்பதற்குத் தயாராக நின்றான்.

சின்னக்குழந்தை உள்ளே ஏறி, கட்டையைப் பின்சீட்டின் மூட்டைகள் மேல் போட்டார். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். பக்கத்தில் உட்கார்ந்த பூவிழி கியரைப் போட்டாள். அவர் கொக்கியை எடுத்தார், பிடியை இழுத்தார். ஸ்டீயரிங் திரும்பியிருந்ததால் கார் துள்ளிக் கான்டெசாவின் மூக்கை நோக்கிப் பாய்ந்தது. "ஐயோ என் வண்டி!" என்று பார்த்திபன் சோற்றுக் கையோடு அலறினான். அவருடைய உடம்பு முழுவதும் வலப்பக்கம் விறைத்தது. பூவிழியின் கை ஹேண்ட் பிரேக்குக்குப் போவதற்குள், கடைசி நொடியில் அவருக்கு நினைவு வந்து பிடியைத் தள்ளினார். கார் குலுங்கி நின்றது. தோப்பில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். மணிவேல் கதவைத் திறந்தான்.

"போதும்ப்பா. எறங்கு."

அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. "இல்லாத காலு இன்னும் பிரேக்க மிதிக்குதும்மா" என்றார், பூவிழியிடம் மட்டும்.

"மிதிச்சா மிதிக்கட்டுங்கய்யா. நீங்க கையால தள்ளுங்க." பிறகு மணிவேலிடம் சொன்னாள்: "மொத நாளு நான் எங்க வூட்டு கேட்டையே பேத்து எடுத்துட்டேன். இவரு நிறுத்திட்டாரே. கதவ சாத்துங்கண்ணா."

மணிவேல் கதவைப் பிடித்தபடியே நின்றான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை, தன் இடது கையைத்தான் புதிதாக வேலைக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிவேல் கதவைச் சாத்தினான்.

இரண்டாம் முறை கார் மெல்ல நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது. தோப்பின் கோடிவரை போய்த் திரும்பும்போது குமிழைப் பிடித்த வலது கை பழகிவிட்டிருந்தது. திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, பாதித் திருப்பத்திலேயே மெல்லக் கூட்டினார். பூவிழிக்குப் புரிந்தது. இது அவள் கற்றுக்கொடுத்தது இல்லை, இது அவரிடம் ஏற்கெனவே இருந்தது. கைக்கு வழிதான் தெரியாமல் இருந்தது. கூட நடந்துகொண்டிருந்த மணிவேல் பின்தங்கினான், பிறகு நின்றுவிட்டான். அவள் கை எப்போது ஹேண்ட் பிரேக்கிலிருந்து மடிக்கு வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

தோப்பின் வாசலில், சாலை தெரியும் இடத்தில், அவர் நிறுத்தினார். மணிவேல் ஓடிவந்து காருக்கு முன்னால் நின்றான்.

"போவலடா. பாத்துக்கினு இருக்கேன்" என்றார் அவர். பிறகு பூவிழியின் பக்கம் திரும்பி, "இந்தப் புடிய நம்ம ஜீப்புல மாட்ட முடியுமா?"

அவள் பொய் சொல்ல விரும்பவில்லை. "கஷ்டங்கய்யா. அதுல கிளச்சு கீது, கியர் கீது. ரெண்டு கையி பத்தாது. இந்த மாதிரி வேற சின்ன வண்டிதான் பாக்கணும்."

அவர் வண்டிகளின் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். ஜீப் வெயிலில் பச்சையாக மின்னியது. பிறகு சன்னல் வழியாக மகனிடம், "டேய், ஜீப்ப நீயே வச்சிக்கோ. தொடச்சி நல்லாத்தான் வச்சிக்கினு கீற" என்றார்.

சாவி மணிவேலின் சட்டைப்பைக்கு வந்து எத்தனையோ காலம் ஆகிறது. இப்போதுதான் அது அவனுக்குக் கொடுக்கப்பட்டது. முகத்தைத் துடைப்பதுபோலக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டான்.

"லைசென்ஸு திருப்பத்தூர்ல எடுக்கலாமா?" என்று கேட்டார் சின்னக்குழந்தை.

"எடுக்கலாங்கய்யா. டாக்டர் சர்ட்டிபிகேட் வேணும். மறுபடியும் மொதல்ல இருந்து. எல் போர்டு மாட்டணும்."

"நான் எல் போர்டா!" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இந்த மலையில எவனெவனுக்கோ ஓட்டக் கத்துக் குடுத்தேன். அவனுங்கல்லாம் வந்து வேடிக்கை பாப்பானுங்க."

"பாக்கட்டும். ஹார்ன் அடிச்சா தன்னால நவுந்துடுவாங்க."

அவர் இன்னொரு சுற்று கேட்டார். பூவிழி ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவள் இறங்கிய கதவு வழியாக, யாரும் அழைக்காமலேயே, மணிவேல் ஏறி உட்கார்ந்தான். பெல்ட்டை அவசரமாக மாட்டினான். அவள் பலாமரத்தின் அடியில் காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போனாள். பார்த்திபன் அவளுக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கான்டெசாவுக்கு முன்னால் போய்க் காவலுக்கு நிற்பதுபோல நின்றுகொண்டான்.

அவளுடைய கார் அவளில்லாமல் ஓடுவதை அவள் முதன்முறையாகப் பார்த்தாள். வெளியிலிருந்து பார்க்க இவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைத்ததில்லை. வெள்ளைக் கார் மரங்களுக்கு நடுவே மறைந்து மறைந்து வெளிப்பட்டது. ஒவ்வொரு பலாமரமும் ஒரு கொண்டை ஊசி வளைவு என்பதுபோல, திரும்புவதற்கு முன்னால் சின்னக்குழந்தை ஒரு நீளமான ஹார்ன் அடித்தார். எதிரில் மேலேறி வருவதுபோல, இல்லாத ஒரு வண்டிக்கு வழிவிட்டு ஒரு கணம் நின்று, பிறகு திரும்பினார்.