மூச்சு நுழையும் துணி

1

இந்தக் கதை ஒரு கைத்தட்டலில் பிறந்தது. கோட்டூர்புரத்தில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்; காலி அறை. ஒருவர் நடுவில் நின்று ஒரே ஒரு தட்டுத் தட்டினார். நான்கு சுவர்களும் அந்த ஓசையைப் பந்துபோல மாற்றி மாற்றி எறிந்தன. அது அடங்குவதற்குள் முழுக்கதையும் எனக்கு வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். உண்மையில் நான்கு மாதம் வெறும் தொடக்கங்களாகவே வந்தன.

2

முதல் தொடக்கம்: ‘அடையாற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த அந்த…’

வேண்டாம். (கோட்டூர்புரம், பேஸ்மென்ட் என்றதும் வெள்ளத்தை எதிர்பார்த்திருப்பீர்கள். இந்தக் கதைக்குள் தண்ணீர் வராது.)

இரண்டாவது: ‘ஒலி என்பது காற்றின்…’

பாடப்புத்தகம்.

மூன்றாவதில் ஆள் வந்துவிட்டார். ஆனந்தகுமார், தி.நகரில் திரைச்சீலை, சோபாத் துணி விற்பவர். அவர் மனைவி ஜெயஸ்ரீக்கு மூன்று வருடமாக ஒரு காது கேட்பதில்லை, இன்னொன்றில் கருவி. தியேட்டரில் எல்லோரும் சிரித்த பிறகு ஜெயஸ்ரீ கணவர் முகத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் சிரிப்பார். நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம். அந்த ஒரு மூச்சை ஒழிக்கத்தான் ஆனந்தகுமார் பேஸ்மென்ட்டில் ஹோம் தியேட்டர் கட்டினார்.*

* சுவரில் பட்டுத் திரும்பும் ஓசை வசனத்தின் மேல் விழுந்தால், கருவி வைத்தவர்களுக்கு யாரோ பேசுவது கேட்கும். என்ன பேசுகிறார் என்பது கேட்காது. இதை அடிக்குறிப்பில் தள்ளியது தவறு. கதையே இதுதான்.

3

கை தட்டியவர் காஷிஃப். சோபாவுக்கு மெத்தை தைத்துக்கொண்டிருந்தவர், இப்போது சுவருக்குத் தைக்கிறார்.

“கேட்டீங்களா அண்ணாச்சி? சொவரு பேசிக்கினே கீது. மொதல்ல அது வாய மூடணும்.”

மரச்சட்டம், உள்ளே ஓசையை விழுங்கும் ராக்வூல் பஞ்சு, மேலே துணி. இப்படிப் பதினெட்டுப் பலகைகள்.

“துணி என் பொறுப்பு பாய். அதுல மட்டும் எனக்குப் பாடம் எடுக்காதீரு.”

கடையிலேயே விலை கூடிய துணி வந்து இறங்கியது. மெரூன் நிறம், நெருக்கமான நெசவு, முதுகில் ரப்பர் பூச்சு. முப்பது வருட வியாபாரத்தில் ஆனந்தகுமாருக்கு நல்ல துணி என்றால் அதுதான்: எதையும் உள்ளே விடாதது.

(காஷிஃபை இங்கே நான் சந்தேகிக்கிறேன். தொழில் தெரிந்தவர், பார்த்ததும் சொல்லியிருக்க மாட்டாரா? சொல்லும்படி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. துணிக்கடைக்காரரிடம் போய் உன் துணி சரியில்லை என்று யார் சொல்வார்? பேசாமல் ஆணி அடித்தார்.)

4

ஞாயிறு நான்கு மணிக்கு உறவுக்காரர்கள் படம் பார்க்க வருகிறார்கள். சனிக்கிழமை காலை ஆனந்தகுமாரே நடுவில் நின்று கை தட்டினார்.

சுவர் பதில் சொன்னது. கொஞ்சம் மெதுவாக, ஆனால் சொன்னது.

“தப்பு என்துதான் அண்ணாச்சி” என்றார் காஷிஃப். மீதித் துணியில் ஒரு துண்டை நீட்டினார். “வாய்ல வச்சு ஊதுங்க.”

ஊதினார். கன்னம்தான் உப்பியது.

“உங்க மூச்சே உள்ள போவல. சத்தம் மட்டும் எப்டிப் போவும்? துணியில பட்டு அப்டியே திரும்பிடும்.”

“அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா வே!”

“நீங்கதான பாடம் எடுக்காதன்னீங்க!”

ஆனந்தகுமார் ஒரு கணம் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். “தடவிப் பாத்திருக்கேன், வெளிச்சத்துல புடிச்சுப் பாத்திருக்கேன். ஊதிப் பாத்ததே இல்ல. ஜெயா, கடைக்குக் கெளம்பு!”

5

இந்தப் பகுதியை எழுதும்போது நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.

சனிக்கிழமைக் கூட்டம். கடை முதலாளி ஒவ்வொரு உருளையாகப் பிரித்து ஊதுகிறார். எதிரில் காஷிஃப் ஊதுகிறார். சோபாத் துணி வாங்க வந்த ஓர் அம்மாள், அதுதான் தரம் பார்க்கும் முறை என்று நினைத்துத் தானும் ஊதுகிறார்.

“என்னங்க, இதப் பாருங்க.” ஜெயஸ்ரீ கீழ்த்தட்டிலிருந்து ஒரு மலிவான, சாக்குபோன்ற துணியை உருவியிருந்தார். ஆனந்தகுமார் வாடிக்கையாளர்களுக்குக் காட்டவே கூச்சப்படும் சரக்கு. அதைக் கணவர் முகத்துக்கு நேரே பிடித்து மறுபக்கத்திலிருந்து ஊதினார்.

“படுதா?”

“கண்ணு கூசுது ஜெயா!”

6

மறுநாள் மூன்றரைக்கு, பலகைகளுக்கெல்லாம் அந்தச் சாக்குத் துணியை மாற்றி, காஷிஃப் கடைசி ஆணியை அடித்துவிட்டுக் கை தட்டினார். டப். அவ்வளவுதான். சுவர்கள் வாயைத் திறக்கவில்லை.

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் ஜெயஸ்ரீ எல்லோரோடும் சிரிக்கிறார். விளம்பரப் படம்போல இருந்தது, கிழித்தேன். இரண்டாவதில் வழக்கம்போல ஒரு மூச்சு தாமதம். எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவதில் எல்லோருக்கும் முன்பே சிரித்துவிட்டு…

இல்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுவரைதான்: விளக்கு அணைந்தது. திரையில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிரிப்பு வரவழைக்கும் வசனத்தைச் சொல்லி முடித்தார். ஆனந்தகுமார் திரையைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயஸ்ரீ அவர் பக்கம் திரும்பவில்லை.

அந்த ஒரு மூச்சு நேரத்தை உங்களிடம் தருகிறேன். அதற்குள் அறையில் என்ன கேட்டது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.