ஷியாவே ஊர்ப் பெட்டிகளும் ஒரு கடல்சுவரும்

ஹோங் ஷுயிமு வந்து மூன்று முறை குனிந்து வணங்காமல் ஷியாவே ஊரில் சவப்பெட்டி தரையை விட்டு எழாது. அவர் ஊர்த் தலைவராக இருந்தபோது தொடங்கிய வழக்கம். ஒருமுறை படகு இழுக்கிற இயந்திரத்தைக் கட்டி இழுத்தார்கள், கயிறுதான் அறுந்தது. அவர் ஸ்கூட்டரில் வந்து, ஊதுபத்தி ஏற்றிக் குனிந்ததும் பெட்டி கிளம்பிவிட்டது. எங்கள் பக்கத்து அரசியல்வாதி எவரும் சாவு வீட்டைத் தவறவிடுவதில்லை. ஆனால் பிணமே காத்திருந்தது இவர் ஒருவருக்குத்தான். அந்த மரியாதையில் மாவட்ட மன்றத்தில் இரண்டு தடவை, மாவட்டத் தலைவராக எட்டு ஆண்டு என்று ஏறினார். எதிர்த்து நின்றவர்கள் இதெல்லாம் பித்தலாட்டம் என்று கோவிலில் கோழித் தலையை வெட்டிச் சத்தியம் செய்து பார்த்தார்கள், கோழிதான் போயிற்று. ஐம்பத்தெட்டாம் வயதில் தலைநகர் தைபேய்க்கு, நாடாளுமன்றத்துக்குப் போனார். அதன்பின் ஒவ்வொரு சாவுக்கும் ரயிலில் ஓடிஓடி வந்து வணங்கினார்.

சிப்பி வளர்க்கும் தெங்யுவான் செத்த வாரம் சிக்கல் வந்தது. அடக்கத்துக்குப் பஞ்சாங்கக்காரர் குறித்த நேரம் காலை பதினொன்றுக்குள். தவறினால் பேரனைக் கடல் கேட்கும். அதே காலையில்தான் நாடாளுமன்றத்தில் ஷியாவே கடல்சுவருக்கு ஓட்டெடுப்பு. ஷுயிமு கையைச் சேர்த்தாலும் இரண்டு பக்கமும் சமம். சமமென்றால் சுவர் இல்லை. எதிரணியில் ஒருவராவது மனம் மாறுவார் என்று அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்தரைக்கு தெங்யுவானின் மனைவி ஜின்யே போனில் பிடித்தாள்.

"எங்கய்யா இருக்கீரு? மனுசன் கல்லு மாதிரி கெடக்காரு."

"அக்கா, இப்ப எந்திரிச்சா சுவரு போச்சு."

"பன்னெண்டு வருசமா சுவரு சுவருங்கீரு. போன புயல்ல என் அடுப்புல நண்டு குடியிருந்துச்சு."

"அதுக்குத்தானக்கா உக்காந்திருக்கேன்."

"அப்ப எம் பேரன்?"

அவர் எதிரணி வரிசையை மறுபடி எண்ணினார். பத்து நாற்பதுக்கு ஜின்யே போனை வைத்துவிட்டுப் பெட்டியின் மூடியைத் தட்டினாள்.

"கேட்டியா கெழவா? ஆளு வரமாட்டாரு. வணக்கம் வேணும்னா நீயே போயி வாங்கிக்க. போன எடத்துல சும்மா நிக்காத."

உடனே பெட்டி லேசாயிற்று. முட்டுக்கொடுத்து நின்ற எட்டுப் பேரும் மல்லாக்க விழுந்தார்கள்.

தைபேயில் கை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு கை கூடுதலாக இருந்தது. சிப்பி ஓடு கிழித்த தழும்புகள் நிறைந்த கை. அதிலிருந்து உப்புநீர் சொட்டியது. மூன்று முறை எண்ணியும் அது குறையவில்லை. ஷுயிமு எழுந்து அந்த வரிசையைப் பார்த்து மூன்று முறை குனிந்தார்.

"என்னய்யா ஹோங், இங்கயும் எழவு விசாரிக்க ஆரம்பிச்சிட்டீரா?" என்று எதிரணி உறுப்பினர் ஒருவர் கத்தினார். மூன்றாவது வணக்கத்தோடு கை இறங்கியது. அதற்குள் செயலர் எண்ணிக்கையை எழுதி முடித்திருந்தார். வந்திருந்தவர்களைவிட ஓட்டு ஒன்று அதிகம். சுவர் ஜெயித்தது. பத்து ஐம்பத்தெட்டுக்கு தெங்யுவானைக் குழியில் இறக்கினார்கள்.

பேரன் இப்போது சுவர்மேல் வலை காயப்போடுகிறான். ஷியாவேயில் சாவு விழுந்தால், தைபேயில் அன்று ஓட்டெடுப்பு உண்டா என்று முதலில் விசாரிக்கிறார்கள். உண்டென்றால் பெட்டி தூக்க ஆளைக் குறைத்துக் கூப்பிடுகிறார்கள்.